நாலு கூடை வைக்கச் சொல்கிறார்கள், எது எதில் போகும்?

செயலாளர்_பாவம்

வணக்கம். மேடவாக்கம் பக்கம் 48 வீடுகள் உள்ள அடுக்ககம் எங்களுடையது. பொதுக்குழுவில் தலை சொறியக் கையைத் தூக்கினேன், செயலாளர் ஆக்கிவிட்டார்கள். வந்த முதல் தலைவலி குப்பை.

2016 விதிகளின்படி மூன்று பிரிவு: மக்குவது, மக்காதது, வீட்டில் சேரும் அபாயக் குப்பை. அதையே நாங்கள் ஒழுங்காகச் செய்ததில்லை. இப்போது 2026ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து, நான்காகப் பிரிக்க வேண்டும் என்றாகிவிட்டது. ஈரக் குப்பை, உலர் குப்பை, நாப்கின் டயப்பர் போன்ற சுகாதாரக் குப்பை, பல்பு மருந்து பெயின்ட் டப்பா போன்ற தனிக் கவனிப்புக் குப்பை. லிஃப்டுக்குள் ஒரு தாள் ஒட்டினேன். இரண்டே நாளில் தாள் முழுக்கப் பென்சிலில் கேள்விகள்.

எண்ணெய் பட்ட பீட்சா அட்டை எதில்? சாமி படத்துக்குப் போட்ட மாலை, நூலோடு, எதில்? மாமியாரின் இன்சுலின் ஊசி? பழைய பவர் பேங்க்? தேங்காய் ஓடு ஈரமா, உலரா? கடைசியில் மூன்றாம் மாடி ஐயா பேனாவிலேயே எழுதிவிட்டார்: "எல்லாம் ஒரே லாரியில்தானே போகிறது, எதற்கு இந்தக் கூத்து?"

விதியை ஒப்பிக்க வேண்டாம், அது என்னிடமே இருக்கிறது. ஒவ்வொன்றும் ஏன் தனியாகப் போக வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் போதும், நான் லிஃப்டில் நின்று பதில் சொல்லிக்கொள்கிறேன்.

சந்தேகச்_சாமி

மூன்றாம் மாடி ஐயாவுக்கு என் ஓட்டு. ஐந்து வருடம் பச்சைக் கூடை, நீலக் கூடை என்று வீட்டில் சண்டை போட்டுப் பிரித்தேன். ஒரு நாள் காலை நடை போகும்போது பார்க்கிறேன், தெருமுனையில் பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி இரண்டையும் ஒரே லாரியின் வாயில் கவிழ்க்கிறார்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லவே வெட்கமாக இருந்தது. அன்றோடு ஒரே கூடைதான்.

காலை_ஆறு_மணி

நான் ஒரு மாநகராட்சியில் தூய்மைப் பணி மேற்பார்வையாளர். எந்த ஊர் என்று கேட்காதீர்கள்.

சாமி சார் பார்த்தது பொய் இல்லை. நடக்கிறது. ஒரு வண்டி பழுதானால் நடக்கும், ஆள் குறைவான நாளில் நடக்கும். ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. ஒரு தெருவில் 30 வீடு பிரித்துத் தருகிறது, 10 வீடு கட்டிய கேரி பேக்கில் எல்லாவற்றையும் கலந்து தருகிறது. அந்தப் பத்து மூட்டையைப் பிரித்துக் கையால் பொறுக்க எங்கள் அக்காக்களுக்கு நேரம் கிடையாது. அது பச்சையில் விழுந்தாலும் கெடுக்கும், நீலத்தில் விழுந்தாலும் கெடுக்கும். கெட்டுப்போன தொட்டியை உரம் போடும் இடத்தில் இறக்க விட மாட்டார்கள். அப்புறம் லாரிதான், குப்பைக் கிடங்குதான்.

கூடையைப் பஸ் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊர் போக வேண்டுமோ அந்த பஸ்ஸில்தானே ஏறுவோம்? ஈரக் கூடை உரம் போடும் இடத்துக்கோ எரிவாயு நிலையத்துக்கோ போகிறது. உலர் கூடை தரம் பிரிக்கும் மையத்துக்கும், அங்கிருந்து காகித ஆலைக்கும் பிளாஸ்டிக் உருக்கும் இடத்துக்கும் போகிறது. பீட்சா அட்டை உலர்ந்துதான் இருக்கிறது, ஆனால் எண்ணெய் பட்ட அட்டையைக் காகிதக் கூழில் சேர்க்க மாட்டார்கள். அதனால் கிழித்து ஈரத்தில் போடுங்கள், மக்கிப்போகும். எண்ணெய் படாத மூடிப் பக்கம் இருந்தால் அதை மட்டும் உலரில் போடலாம்.

மாலைக்கு வருகிறேன். பூ ஈரம். நூலை உருவி எடுத்துவிடுங்கள். எங்கள் நுண் உர மையத்தில் குப்பையைப் பொடியாக்கும் இயந்திரம் இருக்கிறது, அதன் தண்டில் நூல் சுற்றிக்கொள்ளும். ஆடி வெள்ளிக்கிழமைக்கு அடுத்த நாள் வந்து பார்த்தால் தெரியும். இயந்திரத்தை நிறுத்தி, ஒருத்தர் குனிந்து உட்கார்ந்து அரிவாளால் நூலை அறுத்து அறுத்து எடுத்துக்கொண்டிருப்பார். நைலான் நூலாக இருந்தால் அரிவாளும் வழுக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேட்டரி வண்டியின் பக்கத்தில் இரண்டு மூன்று சாக்கு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பாட்டில் ஒன்றில், அட்டை ஒன்றில், பால் கவர் ஒன்றில். அது எங்கள் ஆட்களின் கைச்செலவுக் காசு. கழுவிய பால் கவருக்குக் கடையில் நல்ல விலை. சாம்பார் பட்ட கவரை அவர்களே எடுக்க மாட்டார்கள். "பிரித்துக் கொடுத்து என்ன ஆகப் போகிறது" என்று கேட்கிறவர்களுக்கு, குறைந்தது இது ஆகிறது.

சந்தேகச்_சாமி

சரி, இதுவரை யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. ஆனால் அந்தக் கிடங்கு விஷயம்? ஊர் முழுக்கப் பிரித்திருந்தால் பெருங்குடியில் அவ்வளவு உயரக் குப்பை மலை எப்படி வந்தது?

சதுப்பு_நாரை

பெருங்குடி பற்றி நான் சொல்கிறேன், அந்தப் புகையைத் தின்றவன். 2022 ஏப்ரலில் கிடங்கு பற்றிக்கொண்டு நாள் கணக்கில் எரிந்தது. ஜன்னல் இடுக்கில் ஈரத் துணி செருகி உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், அதே ஆண்டுதான் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஒரு பக்கம் உலக அங்கீகாரம், மறு பக்கம் எரியும் குப்பை.

தீ ஏன் வருகிறது என்பதுதான் உங்கள் கேள்விக்கும் பதில். காய்கறித் தோலும் மிச்சச் சோறும் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து அமுங்கும்போது காற்று உள்ளே போகாது. காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வரும், அது எரியக்கூடிய வாயு. மேலே நெருப்புப் பிடிக்கப் பிளாஸ்டிக்கும் துணியும் தயாராக இருக்கின்றன. அதே தோலைத் தனியாக மூடிய கலனில் போட்டால் அதே மீத்தேன் அடுப்புக்கும் வண்டிக்கும் எரிபொருள். சேத்துப்பட்டில் நாள் ஒன்றுக்கு 100 டன் ஈரக் குப்பை வாங்கும் எரிவாயு நிலையம் இருக்கிறது. இந்தூரில் 2022இல் திறந்தது 550 டன். அங்கே நகரமே ஆறு வகையாகப் பிரிக்கிறது, அதனால்தான் கலன் ஓடுகிறது.

மலையில் இருந்து கீழே வழிவது இன்னொரு கதை. மழை பெய்தால் குப்பைக்குள் இறங்கிக் கறுப்பாக, டிகாக்‌ஷன் மாதிரி கசியும். பேட்டரியும் பல்பும் மருந்தும் கலந்து கிடந்தால் அந்த டிகாக்‌ஷனில் ஈயமும் பாதரசமும் இருக்கும். நாலாவது கூடை எதற்கு என்றால் இதற்குத்தான்.

இப்போது பழைய மலையைக் கரைக்க பயோமைனிங் செய்கிறார்கள். தோண்டி, காயவைத்து, பெரிய சுழலும் சல்லடையில் போட்டுச் சலிக்கிறார்கள். மண் மாதிரி ஒன்று கீழே விழும், கல்லும் கண்ணாடியும் தனி, மேலே நிற்பது பிளாஸ்டிக்கும் துணியும். அந்த மண்ணைப் பார்த்துத் தோட்டத்துக்குக் கேட்டவர்களும் உண்டு. கீரைப் பாத்திக்குப் போட்டுவிடாதீர்கள், கன உலோகம் இருக்கலாம். பள்ளம் மேடு நிரப்பத்தான் அது. வீட்டில் பத்து விநாடியில் பிரித்திருக்க வேண்டியதை இருபது வருடம் கழித்துப் புல்டோசர் வைத்துப் பிரிக்கிறோம், அவ்வளவுதான்.

வெள்ளவத்தை_வாசி

கொழும்பிலிருந்து எழுதுகிறேன். குப்பை மலை எரிவது மட்டுமில்லை, சரியும். இங்கே மீத்தொட்டமுல்லைக் குப்பை மேட்டை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள். சனம் வீட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டு இருந்த பின்னேரம் மேடு சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கு முன் வருடக்கணக்காக அங்கிருந்த சனம் ஆர்ப்பாட்டம் செய்துகொண்டுதான் இருந்தது.

எங்கள் பக்கம் "உக்கும் குப்பை, உக்காத குப்பை" என்றுதான் சொல்வோம். உங்கள் தொட்டியில் "மக்கும்" என்று பார்த்தபோது முதலில் விளங்கவில்லை.

ஒற்றுப்பிழை_ஒழிப்பாளர்

மன்னிக்கவும், இதில் மட்டும் வாய் திறக்காமல் இருக்க முடியவில்லை. மட்குதல்தான் சரி. மட்கும் குப்பை, மட்காத குப்பை. "மக்கு" என்றால் படிப்பு வராத பிள்ளை. ஊர் முழுக்கத் தொட்டியில் "மக்காத குப்பை" என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

காலை_ஆறு_மணி

ஐயா, "மட்கும்" என்று எழுதியும் பார்த்தோம். தொட்டியில் விழுந்தது என்னவோ அதே டயப்பர்தான்.

ஊசி_நூல்

டயப்பர் என்றதும் ஓடி வந்தேன். ஆஸ்பத்திரியில் தொற்றுத் தடுப்புப் பிரிவில் செவிலியர் நான். மருத்துவக் கழிவில் நாங்கள் நான்கு நிறம் வைத்திருக்கிறோம், அதன் காரணம் தெரிந்தால் வீட்டுக் கூடையும் புரிந்துவிடும்.

மஞ்சள் பை: ரத்தம் தோய்ந்த பஞ்சு, கட்டு, அறுவை சிகிச்சையில் வெட்டி எடுத்தது, காலாவதி மருந்து. இது எரிப்பானுக்குப் போகும். சிவப்புப் பை: குளுக்கோஸ் குழாய், கையுறை, ஊசி கழற்றிய சிரிஞ்சு. இதை எரிக்கக் கூடாது. முதல் முறை வகுப்பெடுத்தபோது ஒரு ஆயாம்மா கேட்டார், "எல்லாம் ரத்தம் பட்டதுதானே, ஏன் ஒன்றை மட்டும் எரிக்க வேண்டும்?" நல்ல கேள்வி. குழாய்களில் பி.வி.சி. உண்டு, அதில் குளோரின். எரித்தால் டையாக்சின் என்ற நஞ்சு புகையோடு போகும். அதனால் சிவப்பை நீராவியில் அழுத்தத்தோடு வேகவைத்து, கிருமி கொன்று, துண்டாக்கி மறுசுழற்சிக்கு அனுப்புகிறார்கள். வெள்ளை டப்பா: ஊசி, பிளேடு, குத்தக்கூடிய எல்லாம், துளைக்க முடியாத டப்பாவில். நீலம்: கண்ணாடிக் குப்பி. சுத்திகரிக்காமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

வீட்டுக்கு வருவோம். இன்சுலின் ஊசியைத் தயவுசெய்து எந்தக் கூடையிலும் அப்படியே போடாதீர்கள். கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்று எடுங்கள், பினாயில் பாட்டில் கூடப் போதும். சேரச் சேர அதில் போட்டு, நிறைந்ததும் மூடியை டேப் சுற்றி ஒட்டி, மேலே "ஊசி" என்று எழுதித் தனிக் கவனிப்பில் கொடுங்கள். என்னிடம் வருகிற தூய்மைப் பணியாளர்கள் உள்ளங்கையைக் காட்டுவார்கள், சின்னச் சிவப்புப் புள்ளி. யார் வீட்டு ஊசி, அந்த வீட்டில் யாருக்கு என்ன நோய், எதுவும் தெரியாது. அந்தப் புள்ளியை வைத்துக்கொண்டு மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. என்று மாதக்கணக்கில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு பயத்தில் இருப்பார்கள்.

நாப்கின், டயப்பரைச் செய்தித்தாளில் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு குறி போடுங்கள். பிரித்துப் பார்க்கிறவருக்கு அது ஒரு எச்சரிக்கை. டயப்பருக்குள் இருக்கும் ஜெல் உரக்குழியில் மட்காது (ஒழிப்பாளர் ஐயா, பார்த்துக்கொள்ளுங்கள்), வெளிப்பக்கம் பிளாஸ்டிக், உள்ளே மலம். மூன்று பஸ்ஸிலும் ஏற்ற முடியாத பயணி. அதனால்தான் அதற்குத் தனி பஸ்.

செயலாளர்_பாவம்

மேடம், உடனே ஒரு கேள்வி. ஒருவர் வந்து மொட்டை மாடியில் வைக்கிற மாதிரி சின்ன மின்சார எரிப்பான் விற்கப் பார்க்கிறார். நாப்கின், டயப்பர் இரண்டையும் சாம்பலாக்கிவிடும் என்கிறார். வாங்கலாமா?

ஊசி_நூல்

எத்தனை டிகிரி போகும், புகைபோக்கி எவ்வளவு உயரம் என்று கேளுங்கள். மருத்துவக் கழிவு எரிப்பானில் இரண்டு அறை. முதலறை குறைந்தது 800 டிகிரி, அதன் புகை இரண்டாம் அறையில் 1050 டிகிரியில் இரண்டு விநாடியாவது இருந்தாக வேண்டும், நச்சு வாயு முறிய. மொட்டை மாடிப் பெட்டி அரைகுறையாகக் கருக்கும். அந்தப் புகை உங்கள் அஞ்சாம் மாடித் துணிக்கொடி மேலேயே இறங்கும். நான் வாங்க மாட்டேன்.

தாமிரபரணி_74

மருத்துவக் கழிவு என்றால் எங்கள் ஊர்க்காரனுக்கு வேறு நினைவு. 2024 டிசம்பரில் நெல்லையில் கொடகநல்லூர், பழவூர் பக்கம் காட்டிலும் குளத்தோரத்திலும் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. கிளறினால் கேரள ஆஸ்பத்திரிகளின் சீட்டுகள், நோயாளி பெயரோடு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மூன்று நாளில் அள்ளிக்கொண்டு போகச் சொன்னது, அவர்களே லாரி கொண்டுவந்து அள்ளினார்கள். இங்கே கொட்ட இடம் காட்டியவர்கள் நம் ஆட்கள்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். சுத்திகரிக்கக் காசு கொடுப்பதை விட எல்லை தாண்டிக் கொட்டுவது மலிவு என்கிற கணக்கு இருக்கிற வரை எந்த நிறப் பை வைத்தாலும் இதுதான்.

சந்தேகச்_சாமி

இதைத்தான் நானும் சொல்கிறேன் அண்ணே.

மாடித்தோட்டக்காரி

செயலாளர் சார், பெரிய விஷயமெல்லாம் பெரியவர்கள் பேசட்டும். உங்கள் 48 வீட்டின் ஈரக் குப்பையை வெளியே அனுப்பாமலே முடிக்கலாம். திருச்சியில் எங்கள் 12 வீட்டுக் குடியிருப்பில் நான்கு வருடமாகச் செய்கிறோம். ஆனால் முதல் முறை தோற்றதைத்தான் முதலில் சொல்வேன்.

பெரிய நீல டிரம்மில் ஓட்டை போட்டு, தினமும் வீட்டுக் கழிவைக் கொட்டினோம். பத்தாவது நாள் நாற்றம். பதினைந்தாம் நாள் மூடியைத் திறந்தால் வெள்ளையாகப் புழு நெளிகிறது. கீழ்வீட்டுப் பாட்டி டிரம்மை வெளியே தூக்கிப்போடச் சொல்லி என் வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். என்ன தப்பு என்றால், ஈரத்தை மட்டும் போட்டோம், காய்ந்ததைப் போடவில்லை. ஒரு பங்கு காய்கறித் தோலுக்கு ஒன்றரை இரண்டு பங்கு சருகோ தென்னை நார்த்தூளோ வேண்டும். காய்ந்ததில் கரிமம், பச்சையில் தழைச்சத்து. இரண்டும் சரியாகச் சேர்ந்து, காற்றும் போனால் உள்ளே சூடு 55, 60 டிகிரி ஏறும். காலையில் கிளறினால் ஆவி பறக்கும், இட்லிச் சட்டி திறந்த மாதிரி. மழை பெய்த மண்வாசம் வந்தால் சரியாக இருக்கிறது. முட்டை நாற்றம் வந்தால் தண்ணீர் அதிகம், சருகு போடுங்கள். புளித்த மோர் கொஞ்சம் தெளித்தால் முதல் சில நாள் வேகம் எடுக்கும்.

அந்தப் புழு கறுப்பு ஈயின் புழு, கடிக்காது, நோயும் பரப்பாது, நம்மை விட வேகமாகச் சாப்பிடும். பாட்டியிடம் இதைச் சொல்லிப் பயனில்லை, சருகு போட்டுப் புழுவைக் குறைத்ததும்தான் எழுந்து போனார். இப்போது உரம் பிரிக்கும் அன்று முதல் வாளி அவருடையது.

சருகுக்கு எங்கே போவது என்பீர்கள். உங்கள் தெருவில் தூங்குமூஞ்சி மரம் இல்லையா? காலையில் பெருக்கி எரிக்கிறார்களே, அதை வாங்கி மூட்டை கட்டி வையுங்கள். எலும்பு, மீன் கழிவு ஆரம்பத்தில் வேண்டாம். எலி வரும்.

சூளைக்காரன்

அரியலூர் பக்கம் சிமென்ட் ஆலையில் வேலை. சதுப்பு நாரை சொன்ன "மேலே நிற்கும் பிளாஸ்டிக், துணி" எங்கள் வாசலுக்குத்தான் வருகிறது. ஆர்.டி.எஃப்., அதாவது குப்பையிலிருந்து எடுத்த எரிபொருள் என்போம். சிப்ஸ் கவர், ஷாம்பு பாக்கெட் மாதிரிப் பல அடுக்குப் பிளாஸ்டிக்கை யாரும் உருக்கி வாங்க மாட்டார்கள், ஒரு அடுக்கு அலுமினியம், ஒரு அடுக்கு வேறு பிளாஸ்டிக். நிலக்கரிக்குப் பதிலாகக் கொஞ்சம் இதைச் சூளையில் போடுகிறோம். உள்ளே கல் 1450 டிகிரி சூட்டில் வேகிறது, சாம்பலும் சிமென்டோடு சேர்ந்துவிடும், தனியாகப் புதைக்க எதுவும் மிஞ்சாது.

ஆனால் லாரி வந்ததும் கையை விட்டுப் பார்ப்போம். ஈரமாக இருந்தால் தண்ணீரை ஆவியாக்கவே சூடு போய்விடும். மதிய சாப்பாட்டுப் பொட்டலம் சோறோடு வருகிற லாரியைத் திருப்பி அனுப்பியது உண்டு. குப்பையில் மின்சாரம் எடுக்கிற ஆலைக்கும் இதே தொல்லை. நம் ஊர்க் குப்பையில் பாதிக்கு மேல் ஈரம், வெள்ளைக்காரன் ஊர்க் குப்பை மாதிரி எரியாது. கொடுங்கையூரில் எரிஉலை வேண்டாம் என்று வடசென்னை மக்கள் போராடுகிறார்கள். புகை பற்றிய அவர்கள் பயம் நியாயமானது. என் பங்குக்குச் சொல்வது, பிரிக்காத குப்பையை நம்பி உலை கட்டினால் முதலில் உலைக்கே பசிக்கும்.

மாடித்தோட்டக்காரி

அப்புறம் பிளாஸ்டிக் தார் ரோடு? மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடித்தது, பத்மஸ்ரீ கூடக் கொடுத்தார்களே.

சூளைக்காரன்

ஆமாம் அக்கா, அது நல்ல வழி. சூடான ஜல்லி மேல் துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் உருகிப் பூசிக்கொள்ளும், தார் நன்றாகப் பிடிக்கும். அதற்கும் சுத்தமான, காய்ந்த பிளாஸ்டிக்தான் வேண்டும். பி.வி.சி. ஆகாது. எந்த வழியில் போனாலும் சோறு ஒட்டாத கவரில்தான் வந்து நிற்கிறது.

நொய்யல்_கரை

நான் திருப்பூர். இத்தனை பதிவில் தொழிற்சாலைக் கழிவு பற்றி ஒரு வரி இல்லையே. வீட்டுக்காரன் நாலு கூடை வைத்தால் போதுமா?

சாயப்பட்டறைக் கழிவுநீர் நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையே உப்புத் தொட்டியானது எல்லோருக்கும் தெரியும். 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொன்னது. அதன் பிறகு ஜீரோ டிஸ்சார்ஜ், அதாவது கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது. கழிவுநீரைச் சவ்வு வழியாக அழுத்தி நல்ல தண்ணீரைப் பிரித்து மறுபடி சாயத் தொட்டிக்கே அனுப்புகிறார்கள். மிஞ்சும் கெட்டி உப்புநீரைக் காய்ச்சி உப்பை எடுத்து அதையும் சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். ஊருக்கே பெருமையான வேலை, செலவும் கொஞ்சமில்லை.

ஆனால் கடைசியில் பழுப்பாக ஒரு கலப்பு உப்பு மிஞ்சும். அது சாயத்துக்கு ஆகாது, ஆற்றில் விடக் கூடாது, மண்ணில் கொட்டக் கூடாது. சாக்கில் கட்டிக் கொட்டகையில் அடுக்கி வைத்திருக்கிறோம். மழைக்காலத்தில் காற்றின் ஈரம் பட்டுச் சாக்கு கசியும், தரை வழுக்கும். மேற்பார்வையாளர் அண்ணன் சொன்ன மாதிரி பார்த்தால், இந்தப் பயணி பஸ் ஸ்டாண்டிலேயே வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார்.

ராணிப்பேட்டையில் 2015 ஜனவரியில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். கும்மிடிப்பூண்டியில் அடியில் தடிமனான விரிப்புப் போட்டு அபாயக் கழிவைப் புதைக்கும் இடம் இருக்கிறது, அங்கே போக வேண்டியவை இப்படித் தொட்டியில் காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது ஒன்று போதும்.

சதுப்பு_நாரை

இதைப் படித்ததும் கொடைக்கானல் ஞாபகம் வருகிறது. தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி உள்ளூர்ப் பழைய இரும்புக் கடையில் கிடந்தது வெளியே தெரிந்துதான் 2001இல் ஆலை மூடியது. காயலான் கடை நல்ல கடைதான், ஆனால் எல்லாவற்றுக்கும் அது வாசல் இல்லை. பழைய டியூப் லைட்டிலும் கொஞ்சம் பாதரசம் உண்டு, உடைக்காமல் அட்டை உறையோடு கொடுங்கள். ஒயரைக் கொடுத்தால் தாமிரத்துக்காகத் திறந்த வெளியில் எரிக்கிறார்கள், மறுபடி அந்த பி.வி.சி. புகை. மின்னணுக் கழிவுக்குப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்கள் இருக்கிறார்கள், தயாரித்த நிறுவனமே பொறுப்பேற்க வேண்டும் என்று 2022 விதிகள் சொல்கின்றன. இன்வெர்ட்டர் பேட்டரியைப் புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழிப்பார்கள். நம் ஊரில் அது ஒன்றுதான் யாரும் தெருவில் போடாத கழிவு.

பவர் பேங்க் கேட்டிருந்தீர்கள். உலர் குப்பையில் போடவே போடாதீர்கள். லாரி குப்பையை நசுக்கும்போது லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும்.

காலை_ஆறு_மணி

வழிமொழிகிறேன். போன கோடையில் ஓடும் வண்டியில் புகை. நடுரோட்டில் குப்பை முழுவதையும் கொட்டி அணைத்தோம், போக்குவரத்துக் காவலரிடம் திட்டு வேறு. கிளறினால் ஒரு பழைய பொம்மை காரின் பேட்டரி.

இன்னொன்று, குளியலறை டைல்ஸ் உடைத்த கட்டிட இடிபாட்டைக் கூடைப் பக்கமே கொண்டுவராதீர்கள். சென்னையில் கொடுங்கையூர், பெருங்குடி இரண்டிலும் அதை உடைத்து ஜல்லியும் மணலுமாக்கும் நிலையங்கள் உண்டு. ராத்திரியில் ஏரிக்கரையில் கொட்டுகிற மேஸ்திரிக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.

செயலாளர்_பாவம்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து வருகிறேன், நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை வந்தால் நாங்கள் பெருமளவு உருவாக்குவோர் கணக்கில் வருவோம், பொறுப்பு கூடும். அதனால் பழைய பேப்பர்க்காரரின் தொங்கு தராசை வாங்கி ஒரு வாரம் எடை போட்டோம். சாதாரண நாளில் 80 சொச்சம். ஞாயிற்றுக்கிழமை 109. மாம்பழக் கொட்டையும் தோலும் பிரியாணி எலும்பும்தான் காரணம். "கூட்டாமல் குறைக்காமல் எழுதுங்கள்" என்று பொருளாளர் சொல்ல, "மாம்பழ சீசன் முடிந்து எடை போடலாமே" என்று இன்னொருவர். சண்டை இன்னும் தீரவில்லை.

நான்கு கூடைக்குத் தெருவின் தூய்மைப் பணியாளர் அக்காவையே பேச அழைத்தோம். ஐந்து நிமிடம்தான் பேசினார். பால் கவரின் மூலையைத் துண்டாக வெட்டிப் போடாமல், வெட்டினாலும் ஒட்டியபடியே விடச் சொன்னார். அந்தச் சின்னத் துண்டைப் பொறுக்க முடியாதாம், சாக்கடையில்தான் போய்ச் சேருமாம். அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. மூன்றாம் மாடி ஐயா ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் அவர் வீட்டு வாசலில் கழுவிக் கவிழ்த்த பால் கவர்கள் கிளிப் போட்டுத் தொங்கின. லிஃப்டில் பார்த்தபோது, "லாரியைப் பின்தொடர்ந்து ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன்" என்றார். போகட்டும், வண்டியில் நானும் ஏறிக்கொள்கிறேன்.

டிரம் இரண்டு வாங்கியாயிற்று. சருகு மூட்டை ஐந்து.

தேங்காய் ஓட்டுக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லையே?

மாடித்தோட்டக்காரி

டிரம்மில் போடாதீர்கள், வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். தனியாகக் காயவையுங்கள்.

நொய்யல்_கரை

காங்கேயம் பக்கம் ஓட்டைச் சுட்டுக் கரியாக்கி விற்கிறார்கள், கிலோ கணக்கில் வாங்குவார்கள். மூட்டை சேர்ந்ததும் உங்கள் ஊர்க் கரிக்கடையில் கேட்டுப் பாருங்கள்.

ஒற்றுப்பிழை_ஒழிப்பாளர்

ஓடு என்பது ஆமைக்கு. தேங்காய்க்குச் சிரட்டை என்ற சொல் இருக்கிறது. கொட்டாங்கச்சி என்றும் சொல்லலாம்.

காலை_ஆறு_மணி

சிரட்டையோ கொட்டாங்கச்சியோ, கவிழ்த்து வையுங்கள் சார். தண்ணீர் தேங்கினால் கொசு மருந்து அடிக்க நான்தான் வர வேண்டும்.